காற்றாடி விட்ட டாக்டர்

(இளங்கலைத் தாவரவியல் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் எழுதியது)

ஆம்பூர் என்றால் தோல் நினைவுக்கு வருவது போல, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்செஸ்டர் என்றால் உலகத்தாருக்குப் பஞ்சாலைதான் நினைவுக்கு வந்தது. ஆலைப் புகை சூழ்ந்த அந்நகரில் யாருக்கு இருமல் வந்தாலும் புகையைக் குறை கூறிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது எளிது. அதே நகரில் ஒரு மனிதர் மட்டும் தமக்கு ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் வரும் தும்மலுக்குக் காரணம் எதுவெனப் பல ஆண்டுகள் பொறுமையாகத் தேடினார். அவர் பெயர் சார்லஸ் ஹாரிசன் பிளாக்லி. ஒவ்வாமை மருத்துவத்தின் வரலாற்றை யார் எழுதத் தொடங்கினாலும் முதல் சில பக்கங்களுக்குள் அவரைச் சந்தித்தே தீரவேண்டும். தாவரவியல் படிக்கும் எனக்கு அவர் மருத்துவர் என்பதைவிட, மகரந்தத்தை எண்ணியவர் என்பதுதான் முதலில் பிடித்தது. அவரை ஏன் ஆம்பூரிலிருந்து வரும் மாணவன் தேடிப் படித்தேன் என்பதைப் பின்னால் கூறுகிறேன்.

பிளாக்லி 1820-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் போல்டன் நகரில் பிறந்தார். இளமையில் அவர் கற்றது மருத்துவம் அன்று. அச்சுத் தொழிலும் செதுக்கு வேலையும். பகலில் அச்சகம், மாலையில் படிப்பு என்பதாக அவருடைய வாலிபம் கழிந்தது. தாவரவியல், வேதியியல், நுண்ணோக்கி என்று கிடைத்ததையெல்லாம் மாலை வகுப்புகளில் கற்றார். நம் கல்லூரியிலும் இரவு ஷிப்டு முடித்துவிட்டுக் காலை வகுப்புக்கு வரும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வாழ்க்கை அந்நியமாகத் தோன்றாது. 35 வயதில், மற்றவர்கள் ஒரு தொழிலில் ஊன்றிவிடும் பருவத்தில், அவர் தொழிலை விட்டு மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். 1858-இல் தகுதி பெற்று மான்செஸ்டரில் மருத்துவராக அமர்ந்தார். அவர் பின்பற்றியது ஹோமியோபதி முறை. அக்காலத்தில் மற்ற மருத்துவர்கள் ஹோமியோபதிக்காரரைத் தம் வரிசையில் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே அவர் செய்த ஆராய்ச்சிக்குப் பல்கலைக்கழகமோ பெரிய மருத்துவமனையோ துணை நிற்கவில்லை. வீடும், தோட்டமும், ஒரு நுண்ணோக்கியும், தம் சொந்த மூக்குமே அவருடைய ஆய்வுக்கூடம்.

அவரை வாட்டிய நோய்க்கு வைக்கோல் காய்ச்சல் என்று பெயர். வைக்கோலும் அதற்குக் காரணமன்று, அதில் காய்ச்சலும் இருப்பதில்லை. கால்நடைத் தீவனத்துக்காக அங்கே புல்லை அறுத்து உலர்த்தும் கோடை மாதங்களில் அது வருவதால் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. தொடர்ந்த தும்மல், மூக்கில் நீர், கண்ணில் அரிப்பு, சிலருக்கு இரவில் மூச்சிரைப்பு என்பவை அதன் குறிகள். ஜான் பாஸ்டாக் என்ற லண்டன் மருத்துவர் 1819-ஆம் ஆண்டில் தம் உடம்பிலேயே கண்டதை முதன்முதலில் தெளிவாக எழுதி வைத்தார். அதன் பிறகு காரணம் கூற ஆளுக்கொருவர் முன்வந்தனர். வெயிலின் சூடு என்றனர், ஒளி என்றனர், ஓசோன் என்றனர், உலர்ந்த புல்லின் நறுமணம் என்றனர், வெறும் தூசி என்றனர். பெரிய இயற்பியலறிஞரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் தாமே அந்நோயால் அவதிப்பட்டு, கிருமிதான் காரணம் என எண்ணி மூக்கில் குயினைன் நீர் விட்டுக்கொண்டார். நரம்புத் தளர்ச்சியே காரணம் என்று பின்னர் அமெரிக்காவில் ஒரு மருத்துவர் புத்தகமே எழுதினார். படித்தவர்க்கும் செல்வர்க்கும் மட்டுமே வரும் நோய் என்பதால் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர்களும் இருந்தனராம்!

பிளாக்லி 1859-இல் தொடங்கினார். அந்நாளில் நடந்த இரண்டு சிறிய நிகழ்ச்சிகளை அவர் விடாமல் பற்றிக்கொண்டார். வீட்டில் குழந்தைகள் பூத்த புல் கொத்து ஒன்றை ஜாடியில் வைத்திருந்தார்கள். அதை அவர் தற்செயலாக அசைக்க, மெல்லிய பொடி முகத்தருகே பறந்தது. உடனே தும்மல் பிடித்துக்கொண்டது. இன்னொரு நாள் நாட்டுப்புறச் சாலையில் வண்டி ஒன்று கிளப்பிய புழுதியிலும் அதே அவதி. புழுதி என்று விட்டுவிடாமல் அதை எடுத்து வந்து நுண்ணோக்கியில் பார்த்தார். மண்ணோடு புல்லின் மகரந்தத் துகள்கள் கலந்து கிடந்தன.

வேறொருவராக இருந்தால் இத்துடன் காரணம் தெரிந்துவிட்டது என்று கட்டுரை எழுதியிருப்பார். பிளாக்லி அப்படிச் செய்யவில்லை. மற்றவர்கள் கூறிய ஒவ்வொரு காரணத்தையும் தம் உடம்பின்மீது ஒவ்வொன்றாகச் செலுத்திப் பார்த்தார். உலர்புல்லுக்கு மணம் தரும் குமாரினை முகர்ந்தார், பென்சாயிக் அமிலத்தை முகர்ந்தார், ஓசோனைச் சுவாசித்தார், வெயிலையும் வெளிச்சத்தையும் சோதித்தார். எதுவும் அந்நோயை உண்டாக்கவில்லை. ஈர வைக்கோலில் வளர்த்த பூசணத்தின் வித்துகளை முகர்ந்தபோது மட்டும் குமட்டலும் மயக்கமும் வந்து குரலே கம்மிப் போயிற்று. அதை மறுமுறை செய்ய அவருக்கு மனம் வரவில்லை. எத்தனையோ சோதனைகளை அஞ்சாமல் செய்தவர் ஒன்றிடம் மட்டும் போதும் என்று நின்றது எனக்கு ஆறுதலாக இருக்கிறது, அவரும் மனிதர்தான்.

பிறகு மகரந்தம். பல்வேறு குடும்பங்களைச் சேர்ந்த செடிகளின் மகரந்தத்தைச் சேகரித்து மூக்கிலும், கண்ணிலும், நாக்கிலும், உதட்டிலும் வைத்துப் பார்த்தார். பூக்காத குளிர்காலத்திலும் செய்தார். அப்போதுதான் காற்றில் வேறு மகரந்தம் குறுக்கிடாது. எல்லாவற்றிலும் புல்லினத்தின் மகரந்தமே கடுமையாக இருந்தது. அடுத்து அவர் செய்ததை இன்றுவரை மருத்துவமனைகள் செய்துவருகின்றன. கூரிய கத்தியால் முன்கையின் தோலைச் சிறிது கீறி, அதன்மேல் நனைத்த மகரந்தத்தை வைத்து ஈரத் துணியால் கட்டினார். மற்றோர் இடத்திலும் அதேபோலக் கீறி, மகரந்தம் இல்லாமல் ஈரத் துணியை மட்டும் கட்டினார். மகரந்தம் வைத்த இடம் அரித்துத் தடித்து வீங்கியது. மற்றது சும்மா இருந்தது. அந்த இரண்டாவது கீறலைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். முதல் கீறலைத் துணிச்சல் உள்ளவர் எவரும் செய்திருப்பார். தடிப்புக்குக் காரணம் கத்தியா, துணியா, மகரந்தமா என்று தம்மையே சந்தேகித்தவர்தான் இரண்டாவதைச் செய்வார்.

காற்றில் எவ்வளவு மகரந்தம் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. ஒட்டும் பசை தடவிய கண்ணாடித் தகட்டை வெளியில் வைத்து, நாள்தோறும் ஒரு சதுர சென்டிமீட்டரில் படிந்த துகள்களை எண்ணினார். எண்ணிக்கை ஏறும் நாளில் அவருடைய தும்மலும் ஏறியது. மழை பெய்து எண்ணிக்கை விழுந்த நாளில் தும்மலும் தணிந்தது. அத்துடன் விட்டாரா? தரையில் இருப்பது சரி, உயரத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் காற்றாடி செய்தார். கோடையில் பாலாற்று மணலில் நாமெல்லாம் விட்ட காற்றாடி அன்று. ஆறடி உயரமுள்ள பெரிய காற்றாடி. அதில் கண்ணாடித் தகட்டைக் கட்டி ஆயிரம் அடிக்கும் மேலே ஏற்றினார். நடுவயதைத் தாண்டிய டாக்டர் ஒருவர் நோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டு மைதானத்தில் நூல் பிடித்து நிற்பதை அக்கம்பக்கத்தார் எப்படிப் பார்த்திருப்பார்களோ! மேலிருந்து இறங்கிய தகட்டில் தரையில் வைத்த தகட்டைவிடப் பல மடங்கு மகரந்தம் இருந்தது. வயல் இல்லாத நகர நடுவிலும் மக்கள் தும்முவது ஏன் என்பதற்கு விடை அதில் இருந்தது. ஒரு நெல்மணியைப் பல்லாயிரம் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறளவு மகரந்தமே ஒரு மனிதனைத் தும்ம வைக்கப் போதும் என்றும் அவர் கணக்கிட்டார்.

இவற்றையெல்லாம் தொகுத்து 1873-இல் நூலாக வெளியிட்டார். சார்லஸ் டார்வின் அதைப் படித்துவிட்டு அவருக்குக் கடிதம் எழுதினார்; காற்றில் மகரந்தம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது டார்வினுக்கும் நெடுநாளைய அக்கறை. அச்சகத்தில் வேலை பயின்றவர் எழுதிய நூலுக்கு இதைவிட வேறென்ன பரிசு வேண்டும்?

அந்த நூலில் ஒரு சிறு பகுதி பிற்கால மருத்துவத்துக்கு விதையாயிற்று என்று நான் கருதுகிறேன். மகரந்தத்தில் நாள் முழுதும் புழங்கும் உழவர்களுக்கு இந்நோய் மிக அரிதாகவே வருகிறது. பாதிரிமாருக்கும் மருத்துவர்களுக்கும் வருகிறது. இது ஏன்? படிப்பு மனிதனை மென்மையாக்கிவிடுகிறது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். இடைவிடாது பட்டுப் பட்டு உழவனின் உடல் பழகிவிட்டது என்பது இன்னொரு காரணமாக இருக்கலாம். இவ்விரண்டையும் அவர் வாசகர்முன் வைத்தார். பழக்கினால் உடல் பழகும் என்ற அந்த இரண்டாவது எண்ணம் ஊசி மருந்தாவதற்கு மேலும் 38 ஆண்டுகள் ஆயின. பிளாக்லி 1880-இல் நூலின் விரிந்த பதிப்பை வெளியிட்டு, 1900-இல் காலமானார். ஒவ்வாமை என்று நாம் மொழிபெயர்த்துக்கொண்ட அலர்ஜி என்ற சொல்லே 1906-இல்தான் பிறந்தது. தம் நோய்க்குச் சரியான பெயர் தெரியாமலேயே அதன் காரணத்தைக் கண்டறிந்து போனவர் அவர்.

1911-ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டனில் லெனார்ட் நூன் என்ற இளைஞர், புல் மகரந்தத்தின் சாற்றை மிகமிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி ஊசியாகப் போட்டு, நோயாளிகளின் தாங்கும் ஆற்றல் உயர்வதை வெளியிட்டார். கண்ணில் எவ்வளவு நீர்த்த சாறு விட்டால் சிவக்கிறது என்று பார்ப்பதே அவருடைய அளவுகோல். அவர் பணிபுரிந்த பிரிவின் தலைவர் ஆல்மிராத் ரைட், பிளேக் ஆணையத்தில் உறுப்பினராக நம் நாட்டுக்கும் வந்துபோனவர். மகரந்தத்தில் ஒரு நஞ்சு இருக்கிறது, அம்மைக்குப் போல அதற்கும் எதிர்ப்பை வளர்க்கலாம் என்பது நூனின் கருத்து. நஞ்சு என்பது தவறு. மகரந்தம் தீங்கற்றது, நம் உடல்தான் அதைப் பகையாக எண்ணிப் போரிடுகிறது. கொள்கை தவறினாலும் சிகிச்சை நிலைத்தது. நூன் 1913-இல் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 35. பிளாக்லி மருத்துவம் படிக்கத் தொடங்கிய அதே வயது! அவருடைய தோழர் ஜான் பிரீமன் அப்பணியைத் தொடர்ந்தார்.

ஆனால் ஊசி உண்மையில் குணமாக்குகிறதா? மகரந்தம் குறைந்த ஆண்டில் எல்லோரும் நலமாகத்தான் இருப்பார்கள். ஊசி போட்டுக்கொண்டோம் என்ற நம்பிக்கையிலும் பாதி நோய் பறந்துவிடும். பிளாக்லி தம் ஒரு கையில் செய்த இரண்டாவது கீறலை, நூற்றுக்கணக்கான மனிதர்களிடம் யாராவது செய்தாக வேண்டும். அது 1954-இல்தான் நடந்தது. வில்லியம் பிராங்க்லண்ட் என்பவரும் அகஸ்டின் என்பவரும் 200 நோயாளிகளைப் பிரித்து, சிலருக்கு மகரந்த மருந்தும் சிலருக்கு மருந்தில்லாத நீரும் ஊசியாகப் போட்டனர். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, முடிவை மதிப்பிட்டவர்க்கும் தெரியாது. மருந்து பெற்றவர்களில் 100-க்கு 79 பேர் நன்கு தேறினர். வெறும் நீர் பெற்றவர்களில் 100-க்கு 33 பேர் தேறினர். 79 என்ற எண்ணைவிட 33 என்ற எண்ணே என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. பேருந்து நிலையத்தருகே ஆஸ்துமாவுக்குப் பொடி விற்பவரிடம், தமக்குக் குணமானது என்று சாட்சி சொல்ல ஆட்கள் கிடைப்பது எப்படி என்று முன்பெல்லாம் வியப்பேன். அந்த 33 பேர் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

இந்த ஊசி ஆபத்தே இல்லாததும் அன்று. பிரிட்டனில் அதனால் ஏற்பட்ட கடும் எதிர்விளைவில் 26 பேர் இறந்ததைக் கணக்கிட்டு, 1986-இல் அங்கே அதன் பயன்பாட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினர். ஊசி போட்டபின் மருத்துவரின் கண்பார்வையிலேயே காத்திருக்கச் சொல்வது அதனால்தான். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரைகள் பின்னால் வந்தன; அவற்றில் ஆபத்துக் குறைவு.

இனி ஆம்பூருக்கு வருகிறேன். என் தந்தையார் டேனரி ஒன்றில் பஃபிங் மெஷினில் நெடுங்காலமாக வேலை பார்க்கிறார். தோலின் முகத்தை உப்புத்தாள் போன்ற பட்டையால் தேய்க்கும் வேலை. மாவு போன்ற தூசி பறக்கும். அவருக்குக் காலையில் 20, 30 தும்மல், இரவில் இரைப்பு. தோல் தூசிதான் காரணம், வேலையை விட்டுவிடுங்கள் என்று உறவினர் அனைவரும் ஒருமுகமாகக் கூறினர். வேலையை விட்டால் என் படிப்பும் தங்கையின் படிப்பும் என்னாவது என்பதை யாரும் கூறவில்லை. வேலூரில் ஒரு மருத்துவரிடம் சென்றோம். அவர் கேட்ட முதல் கேள்வி: ரம்ஜானுக்கும் பொங்கலுக்கும் டேனரி மூடியிருக்கும் நாட்களில் எப்படி இருக்கிறது? அம்மா யோசித்துப் பார்த்து, லீவு நாளில் வீட்டிலேயே படுத்திருக்கும்போதுதான் அதிகம் என்றார்.

முன்கையில் வரிசையாகத் துளிகள் வைத்து ஒவ்வொன்றின் வழியாகவும் ஊசி முனையால் மெல்லக் குத்தினார்கள். அருகம்புல், சீமைக் கருவேல், பார்த்தீனியம், கரப்பான்பூச்சி, வீட்டுத் தூசி உண்ணி என்று பல சாறுகள். கூடவே மருந்தில்லாத உப்புநீர் ஒரு துளி. அந்த உப்புநீர்த் துளியைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிளாக்லியின் இரண்டாவது கீறல் அது என்று அப்போது எனக்குத் தெரியாது. அதைத் தேடிப் படிக்கப்போய்த்தான் அவரைக் கண்டுகொண்டேன். கால் மணி நேரத்தில் தூசி உண்ணி வைத்த இடம் மட்டும் பெரிதாகத் தடித்தது. தூசி உண்ணி என்பது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள எட்டுக்கால் உயிர். மெத்தையிலும் தலையணையிலும் இருந்துகொண்டு நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதிளைத் தின்று வாழ்கிறது. 1960-களில் நெதர்லாந்தின் லைடன் நகர ஆராய்ச்சியாளர்கள்தான் வீட்டுத் தூசியில் உள்ள குற்றவாளி இது என்று காட்டினர். எங்கள் ஊரைப் போலவே அதுவும் தோலை நம்பிப் பிழைப்பது!

இதனால் தோல் தூசி நல்லது என்று பொருளன்று. எந்தத் தூசியும் மூச்சுக்குழலை உறுத்தும். குரோமியம் பலருக்குக் கையில் சொறியை உண்டாக்குகிறது. அப்பா இப்போது முகமூடி இல்லாமல் மெஷின் முன் நிற்பதில்லை. ஆனால் வேலையை விட்டிருந்தால் வருமானம் போயிருக்கும், தும்மல் போயிருக்காது.

மருத்துவர் மூக்கில் அடிக்கும் மருந்தும் இழுக்கும் மருந்தும் கொடுத்தார். விரும்பினால் உண்ணிக்கான ஊசியும் உண்டு, மூன்று ஆண்டுகள் தொடரவேண்டும் என்றார். ஒவ்வொரு முறையும் அரை நாள் சம்பளமும் பஸ் செலவும் என்று அப்பா விரல் விட்டுக் கணக்குப் போட்டார். இரண்டு ஆண்டோடு நிறுத்தினால் ஆகாதா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். 2017-இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில் புல் மகரந்த மாத்திரையை இரண்டு ஆண்டுகள் கொடுத்து நிறுத்தினார்கள். மறு ஆண்டு பார்த்தபோது, போலி மாத்திரை பெற்றவர்க்கும் இவர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மூன்று, நான்கு ஆண்டுகள் ஊசி போட்டவர்களுக்கோ நிறுத்திய பின்னும் பயன் நீடித்ததென்று 1999-இல் ஓர் ஆய்வு காட்டியிருந்தது. இரண்டும் புல் மகரந்தத்தைப் பற்றியவை, உண்ணியைப் பற்றியவை அல்ல என்பதையும் அப்பாவிடம் கூறினேன். அவர் ஊசிக்குச் சம்மதித்தார். இப்போது இரண்டாம் ஆண்டு நடக்கிறது. தும்மல் பாதியாகக் குறைந்திருக்கிறது. இரவில் எழுந்து உட்காருவது அரிதாகிவிட்டது. ஊசியால்தானா என்று என்னைக் கேட்டால் என்னால் கூற முடியாது. அதே மாதத்தில்தான் அம்மா பழைய இலவம்பஞ்சு மெத்தையை வெளியே எறிந்துவிட்டுப் பாய் விரித்தார். போர்வைகளை வாரந்தோறும் கொதிநீரில் அலசுகிறார். அப்பாவுக்கு ஒரே உடம்புதான். ஊசி போடாத இன்னொரு அப்பாவை நான் எங்கே தேடுவேன்?

பிளாக்லி எண்ணியது போல நாமும் எண்ணிப் பார்க்கலாமே என்று பேராசிரியரிடம் கேட்டேன். அனுமதி கிடைத்தது. ஜனவரி மாதம் முதல் கிளிசரின் தடவிய ஸ்லைடு ஒன்றைக் கல்லூரி மொட்டைமாடியில் நாள்தோறும் காலை 10 மணிக்கு வைத்து, மறுநாள் அதே நேரத்தில் எடுக்கிறோம். நானும் வகுப்புத் தோழர் இருவரும் முறை வைத்துக்கொண்டோம். முதல் வாரத்தில் பெரும்பாலும் மண்துகளும் கரித்தூளும்தான் தெரிந்தன. பிறகு கண் பழகியது. உருண்டையாக, ஒரே ஒரு துளையுடன் இருந்தால் அது புல் மகரந்தம் என்பதை இப்போது பார்த்தவுடன் கூறிவிடுகிறோம். பெயர் தெரியாத நான்கு வகைகளைப் படம் வரைந்து வைத்திருக்கிறோம். பாலாற்றங்கரைச் சீமைக் கருவேல் பூக்கும்போது என்ன ஆகும் என்று பார்க்க மார்ச் வரை தொடர்வதாக ஏற்பாடு. பிப்ரவரி ஸ்லைடுகளில் பதினொன்று இன்னும் எண்ணப்படாமல் பெட்டியில் இருக்கின்றன; தேர்வு முடிந்ததும் உட்காரவேண்டும்.